பெயின்டுக்கு அடியில்

ஒரு காலத்தில் மதுரையில் காருக்குப் பெயின்ட் அடிக்கத் தை பிறக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் நிற்கும். ஆடியில் மேற்கே கம்பம் பக்கமிருந்து வரும் காற்று கண்மாய்க்கரைப் புழுதியை எல்லாம் கிளப்பிக்கொண்டு வரும். சித்திரை வெயிலில் பெயின்ட் தகரத்தில் உட்காருவதற்குள் காய்ந்து தூளாகக் கொட்டும். தையும் மாசியும்தான் பொழுது. அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் காலமும் அதுதான். மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கத்து அம்பாசிடர்களும் பியட்டுகளும் ஒவ்வொன்றாக மதுரைக்கு வந்து பட்டறை வாசல்களில் நிற்கத் தொடங்கும். சித்திரைத் திருவிழாவுக்குள் முடித்துத் தர வேண்டும் என்பது எல்லோரும் சொல்லும் தவணை.

இந்தக் கணக்கையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர் என் பெரியப்பா. பஸ் பாடி கட்டும் பட்டறையில் டிங்கர் வேலை. பசுமலையைத் தாண்டித் திருநகர் போகும் வழியில் வீடு. வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. பட்டறை விட்டு வந்து குளித்து, ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு அதற்குள் போனால், பெரியம்மா சாப்பிடக் கூப்பிடும் வரை சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எழுபதுகளின் கடைசியில் எனக்குப் பள்ளி விடுமுறை என்றால் அந்தக் கொட்டகைதான்.

மதுரையில் இப்படிப்பட்ட கொட்டகைகள் பல தெருக்களில் இருந்தன. அதற்குக் காரணமும் இருந்தது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் தொடங்கிய நிறுவனம் இந்த ஊரை மோட்டார் ஊராக்கியது. மேலவெளி வீதியில் அதன் தலைமை அலுவலகம். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, கரி வாயுவில் பஸ் ஓட்டுவதற்கான கருவியையே அவர்கள் செய்துகொண்டார்கள். 1972-ல் பஸ்கள் அரசுடைமையாகிப் பாண்டியன் ரோட்வேஸ் வந்தது. யார் ஓட்டினாலும், தொழிற்சாலையிலிருந்து வருவது சக்கரமும் இன்ஜினும் கொண்ட சேசிஸ் மட்டும்தான். அதன்மேல் பாடி கட்டுவது பட்டறைக்காரர் வேலை. தேக்குச் சட்டம் அறுக்கும் ஆசாரி, தகரம் வளைக்கும் டிங்கர், சீட் தைப்பவர், பெயின்டர், பெயர் எழுதும் ஆர்ட்டிஸ்ட் என்று ஒரு பஸ்ஸைச் சுற்றி ஒரு தெருவே பிழைத்தது. பகலில் பஸ் பார்த்த அந்தக் கைகள் மாலையில் வீட்டுக் கொட்டகையில் கார் பார்த்தன.

பெரியப்பா கொட்டகையில் பெரும்பாலும் அடுத்தவர் வண்டிகள்தான் நிற்கும். ஒரு வருடம் அவருக்கென்றே ஒரு வண்டி வந்தது. பழைய இரும்புக்குப் போக இருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் செய்த கார் அது. இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த உருவம். அந்தக் காலத்துக் கார்களில் ஹெரால்டுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அடியில் தனிச் சேசிஸ். பாடி துண்டு துண்டாக அதன்மேல் போல்ட்டால் முடுக்கப்பட்டிருக்கும். பானட்டும் இரண்டு மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். கூரையைக்கூடப் போல்ட் கழற்றி எடுத்துவிடலாம். வீட்டில் கிரேன் இல்லாதவன் நாலு ஆட்களை வைத்துப் பிரித்து மாட்டக்கூடிய கார்.

கூட வேலை பார்த்த ஒருவர் சோழவரத்துக்குப் போய்வந்து சொன்ன கதைகள்தான் பெரியப்பாவைத் தூண்டின. சென்னைக்கு வடக்கே போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கார்ப் பந்தயம் நடத்தியது. வீட்டுக் கொட்டகையில் அறுத்து, குறைத்து, முடுக்கிய கார்கள் வெளிநாட்டு வண்டிகளோடு ஓடின. பெரியப்பாவுக்குப் பந்தயத்தில் ஓட்டும் ஆசை கிடையாது. அப்படி ஒரு வண்டியைத் தன் கையால் செய்ய வேண்டும், அவ்வளவுதான். கூரை வேண்டாம், பம்பர் வேண்டாம், பக்கவாட்டுப் பட்டைகள் வேண்டாம். வெறும் உருவம் மட்டும் நிற்க வேண்டும் என்றார்.

அமெரிக்காவில் ஹாட் ராடு என்று ஒரு வகை உண்டு என்பதைப் பின்னாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1930-களில் தெற்குக் கலிபோர்னியா இளைஞர்கள் மலிவாகக் கிடைத்த பழைய போர்டு கார்களை வாங்கி, தேவையில்லாததைக் கழற்றி எறிந்து, இன்ஜினை முடுக்கி, காய்ந்த ஏரிப் படுகைகளில் ஓட்டினார்கள். 1932-ஆம் வருடத்து போர்டுதான் அவர்களுக்குச் செல்ல வண்டி. 1948-ல் ஹாட் ராடு என்ற பெயரிலேயே பத்திரிகையும் வந்தது. அவர்கள் ஓட்டிய முராக் ஏரிப் படுகையை ராணுவம் விமானத் தளமாக எடுத்துக்கொண்டது. இங்கே சோழவரத்தில் ராணுவம் விட்டுப்போன ஓடுதளம் பந்தயக்காரர் கைக்கு வந்தது. பெரியப்பா அந்தப் பத்திரிகையைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் கொட்டகையில் நடந்தது அதே வேலை, அதே ஆசை.

முதலில் பழைய பெயின்ட்டை இறக்குவது. ரிமூவர் தடவினால் தோல் உரிகிற மாதிரி கொப்புளித்து வரும். தகட்டால் சுரண்டி எடுப்போம். அப்போதுதான் வண்டியின் வரலாறு தெரியும். எங்கே அடிபட்டது, எவன் அரைகுறையாகத் தட்டிவிட்டுப் பட்டியை அப்பி மறைத்தான் என்பதெல்லாம் வெளியே வந்துவிடும். கதவடியிலும், கால் வைக்கும் தரைத் தகட்டிலும் துரு தின்றிருந்தது. தின்ற இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து, கார்பைடு கேஸில் வெல்டு வைத்தார். பக்கவாட்டுப் பட்டைகளும் பம்பரும் இருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார்.

பிறகு ஒடுக்கு எடுப்பது. உள்ளே டாலி என்கிற இரும்புக் கட்டியைப் பிடித்துக்கொண்டு, வெளியே சுத்தியலால் தட்டுவார். கொஞ்சம் மெதுவாகப் போக வேண்டிய இடத்தில் கொட்டாப்புளி. ஓங்கி அடித்த அடியை நான் பார்த்ததே இல்லை. அடிபட்ட தகரம் நீண்டுபோய் உப்பி நிற்கும். எத்தனை தட்டினாலும் டப்பென்று இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் துள்ளும். அதற்கு நெருப்புதான் மருந்து. கேஸ் பர்னரால் காசளவு இடத்தைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் லேசாகத் தட்டி, ஈரத்துணியை வைப்பார். சுர்ரென்று ஆவி கிளம்பும். தகரம் சுருங்கி இழுத்துக்கொள்ளும். பத்து இடத்தில் காய்ச்ச வேண்டும் என்று நினைக்கும் இடத்தில் மூன்றோடு நிறுத்திவிடுவார். எங்கே நிறுத்துவது என்பதுதான் அந்த வேலை.

“தம்பி, கண்ணை மூடிக்கிட்டுத் தடவு. எங்கிட்டு எறங்குதுன்னு சொல்லு” என்பார். உள்ளங்கையை முழுதாகப் படியவிட்டு, அழுத்தாமல் இழுக்க வேண்டும். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் மட்கார்டில் கை ஒரு பள்ளத்தைச் சொல்லும். ஒரு மெல்லிய துணியை இடையில் வைத்துத் தடவினால் இன்னும் துல்லியமாகத் தெரியும். நான் காட்டிய இடத்தில் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டுவிட்டு அவரும் தடவிப் பார்ப்பார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார், சுத்தியலை எடுப்பார். அந்த மௌனத்துக்காக நான் நாள் முழுக்கக் காத்திருப்பேன்.

ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்தபின் பட்டி. தோசைக்கல்லில் மாவு இழுப்பது போல, தகட்டால் ஒரே இழுப்பில் மெல்லிசாக இழுத்துவிட வேண்டும். அந்தக் காலத்து என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) பட்டி உள்ளிருக்கும் கரைப்பான் ஆவியாகித்தான் காயும். தடிமனாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும். சில மாதத்தில் சுருங்கி வெடித்துவிடும். அதனால் ஒரு பூச்சு, காய்ச்சல், தேய்ப்பு. மறுபடி ஒரு பூச்சு. தேய்ப்பு என் வேலை. மரக்கட்டையில் வாட்டர் பேப்பரைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு, நேர்கோட்டில் தேய்க்க வேண்டும். முதலில் 220, பிறகு 320, அப்புறம் 400. ஓரத்தில் அழுத்தக்கூடாது. “ஓரத்துல சூதானம்” என்று கொட்டகையின் மறுகோடியிலிருந்து குரல் வரும். பட்டிக்கு மேல் சர்பேசர் என்கிற அடிப்பூச்சை அடித்ததும் அதன்மேல் கறுப்பை லேசாகத் தூவிவிட்டுத் தேய்ப்போம். சமமான இடத்தில் கறுப்பு போய்விடும். பள்ளத்தில் மட்டும் தங்கி நிற்கும். கை சொன்னதைக் கறுப்பும் சொல்கிறதா என்று ஒத்துப் பார்ப்பது அது.

நிறம் கருஞ்சிவப்பு. கடையில் வாங்கிய சிவப்பில் கறுப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டு அவரே கலந்தார். பழைய டப்பா மூடியில் தடவி, வெயிலில் ஒரு தரம், நிழலில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் பார்த்தார்.

ஸ்ப்ரே அடிக்கும் நாளுக்குக் கம்ப்ரஸர் வாடகைக்கு வந்தது. முதல்நாள் இரவே கொட்டகையைச் சுற்றிப் பெரியம்மாவின் பழைய சேலைகளை நனைத்துக் கட்டினோம். தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அமர்த்தினோம். கண்ணாடிச் சட்டத்துக்குத் தினத்தந்தித் தாள் ஒட்டினோம். ஆனாலும் விடிந்ததும் அடிக்கவில்லை. பனி முழுதாக விலகி வெயில் ஏறும்வரை காத்திருந்தார். தின்னர் ஆவியாகும்போது தகரம் சட்டென்று குளிர்கிறது; காற்றில் ஈரம் இருந்தால் அந்தக் குளிரில் நீர் கோத்துப் பெயின்ட் வெளுத்துப் பூத்துவிடும். விஞ்ஞானப் புத்தகத்தில் அதை நான் பின்னால்தான் படித்தேன். அவருக்கு அது மூக்குக்கும் தோலுக்கும் தெரிந்த விஷயம்.

ஸ்ப்ரே கன்னைத் தகரத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பாமல் முழுக் கையையும் நகர்த்துவார். ஒரு வரியின் பாதியில் அடுத்த வரி ஏறும். மூக்கில் நனைத்த துண்டு. அடித்து முடித்ததும் பெயின்ட் மங்கலாகத்தான் இருந்தது. செல்லுலோஸ் பெயின்ட்டின் இயல்பு அது. 1923-ல் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனம் டூக்கோ என்ற பெயரில் இந்த வகையைக் கொண்டுவருவதற்கு முன்னால், ஒரு காருக்கு வர்ணம் பூசி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். டூக்கோ காய்வதை மணிக்கணக்குக்குக் கொண்டுவந்தது. ஆனால் பளபளப்பைக் கையால்தான் வரவழைக்க வேண்டும். 600, 1000 என்று தண்ணீரில் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டைப் பஞ்சில் எடுத்துத் தோள் வலிக்க வலிக்க இழைக்க, மெல்ல மெல்ல உள்ளிருந்து நிறம் ஏறி வந்தது. வேப்பமரமும் வானமும் மட்கார்டில் நெளிவில்லாமல் தெரிந்தபோது பெரியப்பா முதல்முறையாக உட்கார்ந்தார்.

அந்த ஹெரால்டில் திருமங்கலம் ரோட்டில் போனோம். கப்பலூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல், நடுநடுவே பனை. வழியில் டீக்கடை ஒன்றில் நிறுத்தியபோது ஒரு பெரியவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கதவின் மேல் கையை ஓட்டினார். “யாருய்யா தகரம் பார்த்தது?” என்று கேட்டார். பெரியப்பாவுக்கு வாழ்நாளில் கிடைத்த பெரிய விருது அந்தக் கேள்விதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. வேகமும் சிக்கனமுமான நல்ல கார். அதோடு பட்டறையின் முறையும் மாறியது. அடிபட்ட மட்கார்டைத் தட்டிக்கொண்டிருப்பதைவிடக் கழற்றிப் போட்டுப் புதிதாக மாட்டுவது லாபம் என்றானது. கடினமூட்டி கலந்து அடிக்கும் பெயின்ட்டும், 60 டிகிரி சூட்டில் சுடும் பெயின்ட் அறையும் வந்தன. அதில் தை மாதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வண்டி மாற்றங்களுக்கும் சட்டம் கட்டுப்பாடு போட்டது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சாலையில் போகிற மற்றவர் உயிரை நினைத்தால் அந்தச் சட்டம் நியாயமானதே. இதற்கிடையே 2014-ல் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் தயாரிப்பும் நின்றுபோனது.

பெரியப்பாவின் இருமலையும் நான் மறக்கவில்லை. பட்டித் தூளும் தின்னர் ஆவியும் ஈரத்துண்டை மீறி நெஞ்சுக்குள் போயின. இன்றைய பெயின்ட் அறையில் முகமூடி போட்டு நிற்கும் பையனைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. அந்தக் காலம் அப்படியே திரும்ப வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

ஹெரால்டு கைமாறிப் போனது. பெரியப்பா போய்விட்டார். கொட்டகை இருந்த இடத்தில் வாடகை வீடு எழுந்திருக்கிறது. இவையெல்லாம் போவது உலக வழக்கம், ஏற்றுக்கொள்கிறேன். ஏற்க முடியாதது ஒன்றுதான். சிவந்த தகரம் எப்போது போதும் என்று அறிந்த கை, கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தை அறிந்த உள்ளங்கை, அடுத்த ஆளுக்குப் போகாமலே முடிந்துகொண்டிருக்கிறது. கோவையில் 2015-ல் பழைய கார்களுக்கு அருங்காட்சியகம் திறந்தார்கள். கார்களைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன். அந்தக் கார்களின் தகரம் அடுத்த முறை நசுங்கினால் தட்ட யார் இருப்பார்கள்?

அரசு அங்கீகரித்த ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் கார் பாடி ரிப்பேருக்கும் பெயின்டிங்குக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. மதுரையிலும் சுற்று ஊர்களிலும் எழுபது வயதைத் தொட்ட டிங்கர்கள் இன்னும் இருக்கிறார்கள். சான்றிதழ் கேட்காமல் அவர்களை வகுப்புக்குக் கூப்பிடுங்கள். உரிய சம்பளம் கொடுங்கள். நசுங்கிய மட்கார்டு ஒன்றையும் ஒரு டாலியையும் நடுவில் வைத்து, மாணவரைச் சுற்றி நிறுத்துங்கள். பெயின்ட் எந்தக் காலத்திலும் மாறிக்கொண்டுதான் இருக்கும். அதற்கு அடியிலுள்ள தகரத்தைச் சமமாக்கத் தெரிந்தவர்கள் இருந்தால், எந்தப் பெயின்டும் அதன்மேல் நன்றாகத்தான் உட்காரும்.