மீதி

தமிழாசிரியனுக்கு நிரல்மொழியோடு என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். மகள் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். விடுமுறைக்குக் கம்பம் வந்தவள், ஒரு மாலையில் பைத்தானின் தொடக்கப் பாடத்தை எனக்குக் காட்டினாள். எண்களுக்கும் வகை உண்டு என்பதே அதன் முதற்செய்தி. முழுவெண் 'இன்ட்'; புள்ளி வைத்த எண் 'ஃப்ளோட்'.

7-ஐ 2-ஆல் வகுக்க ஒரு சாய்கோடு இட்டாள், 3.5 வந்தது. இரட்டைச் சாய்கோடு இட்டாள், 3 வந்தது.

"அந்த அரை எங்கம்மா போச்சு?"

"நாம முழுசை மட்டுந்தானப்பா கேட்டோம். மீதி வேணும்னா தனியாக் கேக்கணும்."

விழுக்காட்டுக் குறியை இட்டாள். மீதி 1 என்று வந்தது. 2008-இல் பைத்தானின் மூன்றாம் பதிப்பு வரும்வரை, இரு முழுவெண்களுக்கு நடுவே ஒற்றைச் சாய்கோடு இட்டாலும் பின்னம் கழிந்துவிடுமாம். சி மொழியில் இன்றும் அப்படித்தான்.

புள்ளி எண்ணாவது பிசகற்றதா என்றால் அதுவுமில்லை. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்கிறது. கணினி பின்னங்களை இரண்டின் அடுக்குகளாலேயே அமைக்கிறது. பத்தில் ஒன்று அந்த முறையில் முடிவின்றி நீளும். ஓரிடத்தில் வெட்டியாக வேண்டும்.

எனக்கு எண்சுவடி நினைவுக்கு வந்தது. அரை, கால், அரைக்கால், வீசம் என்பவை பாதி பாதியாகக் குறைந்து வருபவை. வீசம் 1/16, கணினியில் அப்படியே அடங்கும். மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320, இவை அடங்கா. மூன்று மாவைக் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். 0.05-ஐ மும்முறை கூட்டியதற்கு 0.15000000000000002 வந்தது. நம் கணக்கர்கள் முந்திரியை முந்திரி என்றே எழுதினார்கள், வெட்ட வேண்டியிருக்கவில்லை.

அடுத்த பயிற்சியாக மகள் 100-ஐ 3-ஆல் வகுத்தாள். ஈவு 33, மீதி 1. நான் பேச்சற்றுப் போனேன்.

2012-இல் நான் செய்யாமல் விட்ட கணக்கு அது. அப்பா தம் உழைப்பில் வாங்கிய தோட்டம் ஒரு ஏக்கர், அதாவது 100 சென்ட். பன்னீர் திராட்சைப் பந்தலும் ஓரத்தில் ஒரு கிணறும். அம்மா முன்பே போய்விட்டார். அப்பாவும் மறைந்தபின் தம்பியும் நானும் ஐம்பது ஐம்பதாகப் பிரித்துக்கொண்டோம். சின்னமனூரில் வாழ்க்கைப்பட்ட அக்கா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். தந்தையின் சுயசம்பாத்தியத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்கும் சமபங்கு உண்டென்று 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. "மூணாப் பிரிச்சா சரியா வராதுக்கா, கிணறு வேற இருக்கு" என்று சொன்னவன் நான்தான். அக்கா மறுத்துப் பேசவில்லை.

மீதி வராத கணக்கே சரியான கணக்கு என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். சுழியால் வகுக்கச் சொன்னால் பைத்தான் பிழையென்று நின்றுவிடும். மூன்றால் வகுக்க வேண்டியதை இரண்டால் வகுத்தால் நிற்காது. சுத்தமாக விடை தரும். பங்காளிகள் எத்தனை பேர் என்பது அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கிணறும் அதைச் சுற்றிய இடமும் ஏறத்தாழ ஒரு சென்ட் வரும். ஆளுக்கு 33, மீதி ஒன்று மூவருக்கும் பொது. அன்றிரவே தம்பியைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்தான். பிறகு, "ஞாயித்துக்கிழமை நானும் வர்றேண்ணே" என்றான்.

கம்பத்திலிருந்து சின்னமனூருக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.