மந்திரியாக இருந்த நீதிபதி

நான் குடியிருக்கும் கார்ல்ஸ்ரூவே நகரில்தான் ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் இருக்கிறது. அதன் 16 நீதிபதிகளை நாடாளுமன்றமும் மாநிலங்களவையும் பாதிப் பாதியாக, மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் தேர்ந்தெடுக்கின்றன. ஸார்லாந்து மாநில முதல்வராக இருந்த பீட்டர் முல்லர் 2011-இல் பதவி விலகி, அதே ஆண்டில் இங்கே நீதிபதியானார். கட்சிக்காரர் எப்படி நடுநிலையாகத் தீர்ப்புச் சொல்வார் என்று அப்போது இங்கும் கேட்டார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் வி. ஆர். கிருஷ்ணய்யர்.

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார், சென்னையில் சட்டம் முடித்தார், தலச்சேரியில் வக்கீல் தொழில் செய்தார். கம்யூனிஸ்டுகளுக்கு உதவியதாகச் சொல்லி 1948-இல் அவரையே சிறையில் போட்டார்கள். 1952-இல் சுயேச்சையாகச் சென்னை சட்டமன்றம் போனார். 1957-இல் கேரளத்தின் இ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்டமும் சிறைத் துறையும் அவரிடம் இருந்தன. 1968-இல் கேரள உயர் நீதிமன்றம், 1973-இல் உச்ச நீதிமன்றம். அரசியல்வாதி என்று எதிர்த்த வழக்கறிஞர்களும் இருந்தார்கள். கைதியாகவும் மந்திரியாகவும் சிறையைப் பார்த்தவர் நீதிபதியானது நாட்டுக்குக் கிடைத்த கொடை என்பேன். சுனில் பாத்ரா வழக்கில் கைதிக்கும் அடிப்படை உரிமை உண்டென்று அவர் எழுதியதை வேறொருவர் அவ்வளவு அழுத்தமாக எழுதியிருப்பாரா?

என் மனசுக்கு நெருக்கமானது 1978-இன் ஹுசைன்பாய் தீர்ப்பு. கேரளத்தில் கயிறு திரிக்கும் ஆலை ஒன்று. 29 பேருக்கு வேலை இல்லை என்றார்கள். அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார் முதலாளி. யாருடைய தொழிலுக்காக உழைக்கிறார்கள், யார் கைவிட்டால் அவர்கள் பிழைப்பு போகும் என்று பார்த்து, ஆலை உரிமையாளரே முதலாளி என்று தீர்த்தார் கிருஷ்ணய்யர்.

சென்னைக்கு அருகே எங்கள் குன்றத்தூரில் விடியும் முன்பே கம்பெனி பஸ்கள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும். என் தம்பியும் அதில் போகிறான், கான்ட்ராக்டில். "அண்ணா, ஜெர்மனியிலும் கான்ட்ராக்ட் ஆளுங்க உண்டா?" என்று கேட்டான். உண்டு. ஆனால் அந்தத் துறையின் தொழிற்சங்க ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொன்னாலொழிய, ஒன்பது மாதத்தில் நிரந்தரத் தொழிலாளியின் சம்பளத்தையே அவர்களுக்கும் தர வேண்டும் என்கிறது சட்டம். இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது.

2001-இல் இந்திய உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத் தொழிலாளர் தானாக நிரந்தரமாக மாட்டார் என்றது. ஒப்பந்தமே வெறும் போர்வை என்று நிரூபித்தால் உரிமை உண்டு என்ற வழியை மட்டும் விட்டுவைத்தது. அந்த வழி ஹுசைன்பாய் தீர்ப்பிலிருந்து வருவது. சம்பளச் சீட்டு, கேட் பாஸ், ஷிப்ட் அட்டவணை, வேலை ஏவும் சூப்பர்வைசர் எந்தக் கம்பெனி ஆள் என்ற விவரம், எல்லாவற்றையும் பத்திரப்படுத்தச் சொல்லியிருக்கிறேன் தம்பியிடம்.