கிளியர்ஃபிக்ஸ் காலத்துக் கொசுவத்தி

ஒரு டப்பாவைப் பக்கத்தோட நட்ட நடுவுல நிறுத்தணும். இன்னைக்கு டிஸ்ப்ளே கிரிட், பிளேஸ் ஐட்டம்ஸ் சென்டர். ரெண்டே வரி, ஆணி புடுங்கியாச்சு. இதையே எங்க டீம்ல இருக்கற அண்ணன்கிட்ட சொன்னா பெருமூச்சு விடுவார். அவர் 2005ல பொட்டி தட்ட வந்தவர். மேலேர்ந்து 50%, இடதுலேர்ந்து 50% தள்ளிட்டு, அப்புறம் டப்பாவோட பாதி உயரம், பாதி அகலத்துக்கு மைனஸ் மார்ஜின். உள்ள ஒரு வரி கூடிச்சுன்னா திரும்பவும் கணக்குப் போடணும்.

நான் வந்தது 2019ல. எல்லாம் சமைச்சு ரெடியா இருந்துச்சு. (கிரிட் 2017 மார்ச்ல ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி மூணுலயும் ஒரே மாசத்துல வந்துச்சு. பிரவுசர்காரங்க இவ்ளோ ஒத்துமையா இருந்ததே அதிசயம் :-))

அப்புறம் ஒரு பழைய தளத்தைத் திருப்பி எழுதுற வேலை என் தலையில விழுந்துச்சு. இடதுபக்க மெனுவுக்கு நீலப் பின்னணி. ஆனா சிஎஸ்எஸ்ல தேடினா நீலமே இல்லை! அண்ணன்தான் காட்டினார். மெனுவையும் செய்தியையும் சுத்தி இருக்கற தாய் டப்பாவுக்கு ஒரு குட்டிப் படம், மேலேர்ந்து கீழ வரைக்கும் ரிப்பீட் ஆகுது. ஏன்னா ஃப்ளோட் பண்ணின பத்தி அதுக்குள்ள இருக்கற சரக்கு அளவுக்குத்தான் நீளும். மெனு குட்டைன்னா கலரும் பாதியில நின்னுடும். டான் சீடர்ஹோம் 2004ல 'எ லிஸ்ட் அபார்ட்'ல எழுதின ஃபோ காலம்ஸ் வித்தையாம் இது.

அதோட முடிஞ்சுதா? உள்ள இருக்கறதெல்லாம் ஃப்ளோட்னா தாய் டப்பா அதுங்களைக் கணக்குலயே சேர்க்காது, உயரம் சைபர். கடைசில கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியை வச்சு, அதுக்கு கிளியர் போத் கொடுத்தாதான் விரியும். அதான் கிளியர்ஃபிக்ஸ். ஐஇ6 இன்னும் மோசம். ஃப்ளோட் பண்ணின பக்கமே 10 பிக்சல் மார்ஜின் கேட்டா 20 கொடுக்கும். மருந்து, டிஸ்ப்ளே இன்லைன். ஏன்னெல்லாம் கேக்கப்படாது.

ஃப்ளோட்ங்கறதே படத்தைச் சுத்தி எழுத்து ஓடறதுக்காக வந்த சமாச்சாரம். அதை வச்சு மாடிவீடே கட்டியிருக்காங்க, படுபாவிங்க!

போன வருஷம் அண்ணன் வெளியில ஒரு இன்டர்வியூ போனார். முழுக்க ரியாக்ட்தான் கேட்டாங்களாம். ஐஇ11ஐயே 2022 ஜூன்ல மைக்ரோசாஃப்ட் மூட்டை கட்டிடுச்சு, ஐஇ6 வைத்தியத்தை யார் கேக்கப் போறாங்க? "நோயே போயிடுச்சு, வைத்தியன் என்ன தம்பி பண்றது"ன்னு சிரிச்சார். எனக்கு வயித்தைக் கலக்குச்சு. நான் ராத்திரி முழிச்சுப் படிக்கிற ஃப்ரேம்வொர்க்குக்கு எத்தனை வருஷம் ஆயுசோ.

ஆனா ஒண்ணு மக்களே, மெயில் டெம்ப்ளேட் பக்கம் இந்தக் காத்தெல்லாம் இன்னும் வீசலை. விண்டோஸ்ல இருக்கற பழைய அவுட்லுக் 2007லேர்ந்து வேர்ட் இன்ஜினை வச்சுத்தான் மெயிலைக் காட்டுது. ஃப்ளெக்ஸும் தெரியாது, கிரிட்டும் தெரியாது. டேபிளுக்குள்ள டேபிள்தான். போன வாரம் ஏஜென்சி கொடுத்த வாழ்த்து மெயில் அதுல கந்தலாகி வந்துச்சு. டேமேஜர் நேரா அண்ணன் சீட்டுக்குப் போய் நின்னார். மூணு டேபிள், பத்து நிமிஷம், நேராயிடுச்சு.

"ஒரு டீ சொல்லுடா"ன்னார் அண்ணன். ரெண்டா சொன்னேன்.