வில்லங்கச் சான்றில் இல்லாத கடன்

கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இருபொருள் உண்டு. பிறரிடம் பெற்ற பொருளும் கடன். செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். இவ்விரண்டும் பிரிக்க இயலாதவை என்பதைத் திருவேங்கடத்தில் எங்கள் பெரியப்பா விட்டுச்சென்ற வீடு எங்களுக்கு உணர்த்தியது.

திருவேங்கடம் 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும் அதன்பின் தென்காசி மாவட்டத்திலும் அமைந்த கரிசற்பூமி. கரிசல் மண் மழைநீரை உறிஞ்சி உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் நின்ற நான்கு குடித்தன மாடிவீட்டின் சுவர்களில் விரிசல், தளத்தில் கசிவு. மனைவியும் மக்களும் இல்லாத பெரியப்பாவின் வாரிசுகளாகிய நாங்கள் மூவரும் சென்று பார்த்தபோதுதான், விரிசலினும் ஆழமானது கடன் எனக் கண்டோம்.

மூன்று குடித்தனங்களை அவர் ஒத்திக்கு விட்டிருந்தார். ஒத்தி என்பது நம் தென்மாவட்டத்தார் நன்கறிந்த முறையே. குடியிருப்போர் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுப்பர். அதற்கு வட்டியும் இல்லை, வீட்டுக்கு வாடகையும் இல்லை. 1882 ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம், சுவாதீனம் பெற்ற ஒத்திக்காரர் வருவாயில் வட்டி முதலியன போக எஞ்சியதைக்கொண்டு அவசியமான பழுதுகளைப் பார்க்கவேண்டும் என்கிறது. வட்டிக்கு வாடகை கழிந்துவிட்டால் எஞ்சுவது ஏது? உரிமையாளருக்கு வருவாய் இல்லை. குடியிருப்பவருக்கு உரிமை இல்லை. இடையில் வீடு நலிகிறது.

பழுதுபார்க்க வங்கியை நாடினோம். வில்லங்கம் தீர்ந்தபின் வருக என்றனர். வில்லங்கம் தீர்க்கவோ பணம் வேண்டும். புதிய ஒத்தி வாங்கிப் பழைய ஒத்தியைத் திருப்பலாம் என்றனர் சிலர். அது கடனுக்கு ஆள் மாற்றுவதேயன்றித் தீர்ப்பதாகாது. எனவே எங்கள் சேமிப்பைத் திரட்டினோம். எங்கள் தங்கை தம் நகைகளை அடகு வைத்தார். ஐப்பசி மழைக்கு முன்னர்த் தளத்தின் கசிவை அடைத்து, கடைக்காலருகே நீர் தேங்காவண்ணம் சுற்றிலும் சரிவுத்தளம் அமைத்தோம். பூச்சும் வண்ணமும் காத்திருக்கலாம், மழை காத்திராது. பெரியப்பா இருந்த பகுதியை வாடகைக்கு விட்டு, அவ்வருவாயை ஒத்தி திருப்பும் கணக்கில் சேர்த்தோம்.

இனி, யாருடைய ஒத்தியை முதலில் திருப்புவது? இருவருடைய ஒத்தி பதிவு பெற்று வில்லங்கச் சான்றில் இருந்தது. பின்கட்டில் வாழ்ந்த மூதாட்டியின் ரூ.60,000 மட்டும் அதில் இல்லை. தீப்பெட்டி ஒட்டிச் சேர்த்த அப்பணத்திற்கு அவரிடம் இருந்தது பதிவு செய்யப்படாத ஒரு முத்திரைத்தாள். ரூ.100-க்கு மேற்பட்ட ஒத்திக்குப் பதிவு கட்டாயம். ஆகவே அத்தாள் செல்லாது, அவருக்கு எதுவும் தரவேண்டியதில்லை என உறவினர் சிலர் அறிவுரைத்தனர். அம்மூதாட்டியோ, “தம்பி, பணம் எப்பத் தந்தாலும் சரி, மழைக்கு முன்னால சுவரை மட்டும் பாத்துக் குடுங்க” என்றார்.

அவருக்கே முதலில் கொடுப்பதென முடிவு செய்தோம். மற்ற இருவருக்கும் சட்டம் துணை நின்றது. அவருக்கு எங்கள் சொல்லைத் தவிர வேறு துணையில்லை. அவர் பணத்தை அஞ்சலகத்தில் இட்டு, அதே பின்கட்டில் சிறு வாடகைக்கு இன்றும் இருக்கின்றார். ஏனைய இரண்டு ஒத்திகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பப்பட்டு, ரசீதுகளும் பதிவாயின. எங்களுக்குள் பங்கு பிரித்தது அதன் பின்னரே.

இறந்தவரின் கடனுக்கு வாரிசுகள் தாம் பெற்ற சொத்தின் அளவுக்கே பொறுப்பாவர் என்கிறது நம் நாட்டுச் சட்டம். கடனையும் மரணசாசனத்தையும் நிறைவேற்றிய பின்னரே பங்கு என்கிறது இஸ்லாமியப் பாகநெறி. இரண்டும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே வாயிலில் நிற்கின்றன: விட்டுச்சென்ற பொருளை ஏற்பவர், விட்டுச்சென்ற சுமையையும் ஏற்கவேண்டும். வில்லங்கச் சான்று பதிவான கடன்களை மட்டுமே காட்டும். பதிவாகாதவற்றை, வீட்டினுள் சென்று குடியிருப்போரிடம் நேரில் கேட்டறிதல் வாரிசுகளின் கடன்.