பெடல் கீழே போகிறது

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். "பிரேக் செயலிழந்ததால் பஸ் வண்டி பள்ளத்தில் வீழ்ந்தது" என்ற வாக்கியத்தை எத்தனை தடவை எழுதியிருப்பேன், எத்தனை தடவை பிறர் எழுதியதைச் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்று கணக்குச் சொல்ல இயலாது. மலைநாட்டு நிருபர்களிடமிருந்து தொலைபேசியில் வரும் செய்திகளில் பெயர்களும் எண்ணிக்கையும் மாறும். இந்த வாக்கியம் மாறாது. ஆனால் பிரேக் செயலிழப்பது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது என்று நான் ஒருநாளேனும் கேட்டதில்லை. அதனை அறுபது வயதைக் கடந்த பின்னர், இங்கிலாந்தில் ஒரு கராஜின் சீமெந்துத் தரையில், என் மருமகனிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

2017 ஆம் ஆண்டுக் கோடையில் தங்கையின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். கென்ற் பகுதியில் வாசம். விமான நிலையத்திலிருந்து வீடு சேர்வதற்குள் தங்கை தன் முறைப்பாட்டை முன்வைத்துவிட்டாள். மகன் கார்ப் பந்தயம் ஓடுகிறான், சென்ற மாதம் ஓடுபாதையைவிட்டு வெளியே போய்விட்டான், "நீங்கள் சொன்னால் கேட்பான், அண்ணை. அந்தக் காரை விக்கச் சொல்லுங்கோ." நானும் ஒப்புக்கொண்டேன்.

பந்தயம் என்றதும் நான் கற்பனை செய்தது தொலைக்காட்சியில் காணும் கோடீஸ்வரர் விளையாட்டை. இது வேறு. வார நாட்களில் அலுவலகத்தில் கணினியின் முன் இருப்பவர்கள், சனி ஞாயிறுகளில் தம் பழைய கார்களை இழுவையில் ஏற்றிக்கொண்டு சென்று ஓடும் கழகப் பந்தயம். பரிசாகக் கிடைப்பது ஒரு சிறு கிண்ணம். செலவு முழுவதும் சொந்தப் பணம். எழுபதுகளில் ஒரு தடவை, விளையாட்டுச் செய்தியாளர் சுகவீனமுற்றதால், நுவரெலியா மகாகஸ்தோட்ட மலையேற்ற ஓட்டத்துக்கு என்னை அனுப்பினார்கள். குளிரையும் பெற்றோல் மணத்தையும் தவிர அங்கு கண்ட எதுவும் மனதில் நிற்கவில்லை. மோட்டார் விளையாட்டில் எனக்கிருந்த அனுபவம் அவ்வளவே.

மருமகனின் கார் 1990 ஆம் ஆண்டு மஸ்டா எம்.எக்ஸ்-5. 1989 இல் சிக்காகோ கண்காட்சியில் யப்பானியர் அறிமுகப்படுத்திய இரண்டு இருக்கைச் சிறு கார் அது. அறுபதுகளின் பிரித்தானிய விளையாட்டுக் கார்களை, குறிப்பாக லோட்டஸ் எலானை, மனதில் வைத்து உருவாக்கப்பட்டது. 1.6 லீற்றர் எஞ்சின், ஆயிரம் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை, நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் அமைப்பு. கழகப் பந்தயக்காரர்கள் இதனை விரும்புவதற்குக் காரணம் வேகமன்று. உதிரிப் பாகங்கள் மலிவு, பின்சக்கரத்தில் ஓடுவது, பிழை விட்டால் மன்னிக்கும்.

அவனுக்கு நேர்ந்தது பிரான்ட்ஸ் ஹட்ச் ஓடுபாதையில். தொடக்கக்கோடு தாண்டியதும் பாடொக் ஹில் என்னும் வளைவு, கிணற்றுக்குள் இறங்குவதுபோல் வலப்பக்கமாகச் சரிந்து இறங்கும். பின்னர் மேடேறி ட்ரூயிட்ஸ் என்னும் கொண்டையூசி வளைவு. எட்டாவது சுற்றில் ட்ரூயிட்சுக்கு முன் பிரேக்கை மிதித்தபோது பெடல் எதிர்ப்பேயில்லாமல் உள்ளே போயிற்று. இரண்டு மூன்று தடவை விரைந்து மிதித்ததில் சிறிது உயிர் வந்தது. அதற்குள் கார் கற்பரப்பில் புதைந்துவிட்டது. காயம் எதுவுமில்லை.

காரை விற்கச் சொல்லவேண்டும் என்ற தீர்மானத்துடன் கராஜுக்குள் சென்றேன். அவன் தலையை நிமிர்த்தாமலே, "மாமா, நல்ல நேரத்தில வந்தீங்கள். ஒருக்கா உள்ள இருங்கோ" என்றான்.

பிரேக்கில் காற்றுப் போக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் சக்கரத்தருகே சிறு ஆணியைத் தளர்த்திப் பழைய எண்ணெயை வெளியேற்ற வேண்டும். ஆணியை இறுக்கிய பின்னரே காலை எடுக்கலாம். பிரதான சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். "மிதியுங்கோ… பிடியுங்கோ… இப்ப விடுங்கோ." நான் மிதித்தேன். காலுக்கடியில் கல்லைப்போல் உறுதியாக இருந்தது. அவன் ஆணியைத் தளர்த்தியதும் அந்தக் கல் கரைந்து, என் பாதம் மெதுவாகத் தரைவரை இறங்கியது. இரண்டாவது தடவை அப்படி இறங்கியபோதுதான் எனக்கு அந்தப் பெண்ணின் நினைவு வந்தது. அதனைப் பின்னர் சொல்கிறேன்.

போத்தலில் வடிந்த எண்ணெய் கோப்பி நிறத்தில் இருந்தது. புதியது வெளிறிய மஞ்சள். மருமகன் வெட்கப்பட்டான். அந்தக் காரை வாங்கிய நாள்முதல் புதிய சக்கரங்கள், பந்தய இருக்கை, உறுமும் புகைக்குழாய் என்று செலவிட்டவன், பிரேக் எண்ணெயை மாற்றவில்லை. கலியாண வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டுக் கிணற்றை இறைக்காமல் விட்ட கதை.

விளக்கம் எளிது. ஓடும் காரை நிறுத்துவது என்றால் அதன் இயக்கசக்தி முழுவதையும் வெப்பமாக மாற்றுவது. ஆயிரம் கிலோ எடையுள்ள காரை மணிக்கு 140 கிலோமீற்றரிலிருந்து 60 க்குக் குறைக்கும் ஒவ்வொரு தடவையும் பிறக்கும் வெப்பம், ஏறத்தாழ இரண்டு லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதைச் சில வினாடிகளில், உள்ளங்கையளவு பாட்களும் இரும்புத் தட்டுகளும் தாங்கிக்கொள்ள வேண்டும். பிரேக் எண்ணெய்க்கோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புண்டு. மூடிய குழாய்க்குள் இருந்தாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல ஈரம் ஏறும். டொட்-4 என்ற தரத்தில் புதிய எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ்; ஈரமேறியபின் 155 ஆகக்கூட இறங்கலாம். எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழ்கள். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். காலின் பலம் முழுவதும் அந்தக் குமிழ்களை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். பெடல் கீழே போகும்.

"இன்னொரு விதமாகவும் போகும், மாமா. பெடல் கல்லுமாதிரி இருக்கும், ஆனா கார் நிக்காது. அது பாட் சூடேறிப் பிடிப்பை விடுறது. இரண்டும் வேற வேற வருத்தம்."

நான் "பிரேக் செயலிழந்தது" என்று எழுதிவந்தபோது எந்த வருத்தத்தைக் குறித்தேன்?

எண்பதுகளின் தொடக்கத்தில் மலைப்பாதை ஒன்றில் தனியார் மினி பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்தது. இறந்தவர்களுள் சாரதியும் ஒருவர். பொலிஸ் தரப்பில் சொன்னதை அப்படியே எழுதினேன்: சாரதியின் கவனயீனமும் அதிக வேகமும் காரணம். இரண்டு வாரங்களின் பின்னர் சாரதியின் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். இடுப்பில் குழந்தை. அவர் அழவில்லை. "இறக்கத்தில மிதிச்சா பெடல் கீழ போகுதெண்டு ஒரு மாசமாச் சொல்லிக்கொண்டிருந்தவர். முதலாளியிட்டையும் சொன்னவர்" என்றார். அதனைப் பத்திரிகையில் போடவேண்டும் என்று கேட்டார். நான் குறித்துக்கொண்டேன். முதலாளி மறுத்தார், வண்டி உருக்குலைந்துபோயிருந்தது, ஆதாரமில்லாமல் போடமுடியாது என்று ஆசிரியபீடத்தில் தீர்மானமாயிற்று. அத்தீர்மானத்தை நான் எதிர்க்கவில்லை. ஒரு மெக்கானிக்கிடம் சென்று, பெடல் கீழே போவது என்றால் என்ன பொருள் என்று கேட்க எனக்குத் தோன்றவுமில்லை.

அக்காலத்து வண்டிகளில் சக்கரத்துக்குள் உருளைப் பிரேக். நீண்ட இறக்கத்தில் விடாமல் மிதித்தால் உருளை சூட்டில் விரிந்து, உள்ளிருக்கும் பிரேக் செருப்புகளை விட்டு விலகும். அதனாலும் பெடல் மேலும் ஆழம் போகும். பழைய எண்ணெயும் சேர்ந்துகொண்டால் சொல்லவேண்டியதில்லை. அந்தப் பெண் கணவரின் வாயிலிருந்து கேட்டதை ஒரு சொல் மாறாமல் கொண்டுவந்திருந்தார். அது ஒரு சாட்சியம். நான் அதனை ஒரு விதவையின் ஆதங்கமாகக் கேட்டேன்.

மருமகனுக்கு இதனைச் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "ஒரு மாசம் அப்பிடி ஓடினவரெண்டால், கியரிலதான் இறக்கியிருப்பார். கவனமான ஆள்" என்றான்.

அதன் பின்னர் காரை விற்கும் பேச்சை நான் எடுக்கவில்லை. எஞ்சிய மூன்று வாரங்களும் அவனுக்கு எடுபிடியாக இருந்தேன்.

அவன் முதலில் ஆசைப்பட்டது முன்சக்கரங்களுக்கு நான்கு பிஸ்டன் கொண்ட பெரிய பந்தயக் கலிப்பர்களுக்கு. அயலில் இருந்த முதிய மெக்கானிக் ஒருவர் தடுத்தார். முன்பக்கத்தை மட்டும் பலப்படுத்தினால் சமநிலை முன்னே சாயும். முன்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ள, பின்சக்கரங்கள் தம் பங்கைச் செய்யாமல் சும்மா வரும். நிற்கும் தூரம் கூடினாலும் வியப்பில்லை என்பது அவர் கட்சி. பந்தய வகுப்பின் விதிகளும் இடம் தரவில்லை. எனவே 1994 முதல் வந்த 1.8 லீற்றர் மாதிரியின் பாகங்களைப் பழைய கார் உடைக்கும் இடமொன்றில் பெற்றான். முன் டிஸ்க் 235 மில்லிமீற்றரிலிருந்து 255 ஆயிற்று; பின்னதும் அதற்கேற்பப் பெருத்தது. தயாரித்தவர்களே கணக்கிட்ட சமநிலை என்பதால் முன்பின் குழப்பமில்லை. பழைய இறப்பர்க் குழாய்களுக்குப் பதில் உருக்குப் பின்னலிட்டவை. சூட்டைத் தாங்கும் பந்தய பாட்கள். இவை குளிரில் சரியாகப் பிடிக்காது, முதற்சுற்றில் அவசரப்படக்கூடாது.

சஸ்பென்ஷன் வேலையில் எனக்குப் புரியாதவை அதிகம். ஷொக் அப்சோபர்களும் கடினமான ஸ்பிரிங்குகளும் புதிதாக வந்தன. காரை நிலத்தோடு ஒட்டத் தாழ்த்த வேண்டும் என்று இளைஞர்களுக்கு ஓர் ஆசை உண்டு. இந்தக் காரிலோ சக்கரம் மேலெழும் இடைவெளி ஏற்கனவே குறைவு. மிகத் தாழ்த்தினால் வளைவின் நடுவே தடுப்பு இறப்பரில் முட்டி, பிடிப்புத் திடீரென அறுந்துவிடும். விஷ்போன்களின் இருபத்தேழு வயது இறப்பர் புஷ்கள் மரக்கட்டை போலாகியிருந்தன. அவற்றை மாற்றியபோது ஒன்றைக் கவனித்தேன். ஆணிகளைக் கையால் மட்டும் இறுக்கிவிட்டு, காரை அதன் சக்கரங்களில் நிற்கவைத்த பின்னரே முழுவதும் இறுக்கினான். தொங்கும் நிலையில் இறுக்கினால், கீழே இறக்கியதும் இறப்பர் முறுகியபடியே இருந்து விரைவில் கிழியுமாம்.

கடைசியில் நான்கு சக்கரங்களுக்கடியிலும் நான்கு மின் தராசுகள். முன் இடமும் பின் வலமும் சேர்ந்த எடை, மற்ற மூலைவிட்டத்தின் எடைக்குச் சமமாக வரவேண்டும். இல்லையேல் கார் இடப்புறம் ஒருவிதமாகவும் வலப்புறம் வேறுவிதமாகவும் திரும்பும். சாரதியின் எடையும் இருக்கையில் இருந்தாக வேண்டும். எங்கள் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே எடை. எனவே நான் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த இருக்கையில் ஒரு மணிநேரம் அசையாமல் இருந்தேன். தங்கை தேநீர் கொண்டுவந்தாள். காரை விற்கச் சொல்ல அனுப்பப்பட்டவன் பந்தய இருக்கையில் பட்டியுடன் பிணைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தாள். கோப்பையை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

நான் நாடு திரும்புவதற்கு முதல் ஞாயிறு மீண்டும் பிரான்ட்ஸ் ஹட்சில் பந்தயம். தங்கையும் வந்தாள். ட்ரூயிட்சைப் பார்க்கக்கூடிய மேட்டில் நின்றோம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். ஒவ்வொரு நிமிடமும் அவன் மேடேறி வரும்போது தங்கை என் கையைப் பற்றுவாள்; காரின் மூக்குத் தாழும்; கையை விடுவாள். எட்டாவது சுற்றில் சற்று இறுகப் பற்றினாள். மூக்குத் தாழ்ந்தது.

அவன் நடுவே ஓரிடத்தில் முடித்தான். காரை நிறுத்திக் கைப்பிரேக்கை இழுக்காமல், சக்கரத்துக்கு ஒரு கட்டை வைத்தான்; கொதிக்கும் டிஸ்கைப் பாட் கவ்விப்பிடித்தபடி விடக்கூடாதாம். தலைக்கவசத்தைக் கழற்றுவதற்கு முன்னரே நான் கேட்டேன்.

"பெடல்?"

"மேலேயே இருக்கு, மாமா."

2025 மே மாதத்தில் கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் வண்டி பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த செய்தி வந்த காலையில், முன்னர் என்னிடம் பயின்ற இளம் செய்தியாளர் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தேன். தப்பியவர்கள் எவராவது பேசக்கூடிய நிலையில் இருந்தால், சாரதியைப் பற்றிக் கேட்பதற்கு முன், இறக்கத்தில் அவர்கள் எதைக் கேட்டார்கள், என்ன மணம் வந்தது, சாரதி எத்தனை தடவை மிதித்தார் என்று கேட்கும்படி சொன்னேன். "ஏன் சேர்?" என்றார். இந்தப் பதிவில் எழுதியதை அவருக்கு அரைமணி நேரம் சொல்லவேண்டியதாயிற்று.