எண்ணெயும் வெயிலும்

சென்ற ஆண்டு கிள்ளானில் ஒரு திருமண வீட்டில், என் அக்காளின் தோழி ஒருவர் என்னைக் காட்டி, "இவங்க உங்க அக்காவா?" என்று அவளிடமே கேட்டுவிட்டார். அவளுக்கு நான் நான்கு வயது இளையவள்! சிரித்துச் சமாளித்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அக்காள் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். நானோ 20 ஆண்டுகளாகச் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறவள்.

சம்பளம் வாங்கியதும் பட்டணத்துக்குப் போய், முகச்சுருக்கம் போக்கும் 'விதை எண்ணெய்' வாங்கினேன். விரலளவு புட்டி, 65 வெள்ளி. வீட்டுக்காரரிடம் விலையைச் சொல்லவில்லை.

தாதிப் பயிற்சியில் இருக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்தபோது, புட்டியில் எழுதியிருந்ததைப் படித்தாள்.

"அம்மா, எது அதிகமோ அதைத்தான் முதல்ல போடுவாங்க. இதில முதல் பேரு செசமம் இண்டிகம். நம்ம நல்லெண்ணெய்தாம்மா!"

"அப்போ ஏமாந்துட்டேனா?"

"எண்ணெய் நல்லதுதான். தோலிலுள்ள ஈரம் போகாமப் பிடிச்சு வைக்கும். காய்ஞ்ச தோல் மெதுவாகும். சின்னக் கோடுகள் கொஞ்சம் மறைஞ்ச மாதிரி தெரியும். ஆழமாப் பதிஞ்ச சுருக்கத்தை எந்த எண்ணெயும் எடுக்காது."

பிறகு என் சட்டைக் கையை மேலே சுருட்டச் சொன்னாள். சுருட்டினேன். எப்போதும் மூடியிருக்கும் மேல்கை வழவழவென்று இருந்தது. புறங்கையோ காய்ந்த இலைபோல் சுருங்கிக் கிடந்தது.

"இரண்டுக்கும் ஒரே வயசுதானேம்மா? வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர், தோலைத் தாங்கி நிற்கிற கொலாஜனைக் கெடுக்குது. உங்களைக் கிழவியாக்கினது வயசில்லை, வெயிலு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வெயிலில்தானே இவளைப் படிக்க வைத்தேன்!

சகோதரிகளே, இப்போது குளித்ததும் ஈரத்தோடு நான்கு சொட்டு நல்லெண்ணெய் தடவுகிறேன். சிலருக்கு எள் ஒத்துக்கொள்ளாது. முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவிப் பாருங்கள். எண்ணெய் வெயிலைத் தடுக்காது. ஆகவே காட்டுக்குப் போகும்போது முழுக்கைச் சட்டையும், முகத்துக்கு நிழல் தரும் அகலத் தொப்பியும் போட்டுக்கொள்கிறேன். உங்கள் பெண்பிள்ளைகளுக்கும் இப்போதே பழக்குங்கள்.

அந்த 65 வெள்ளிப் புட்டி காலியாகிவிட்டது. அதில் சமையலறை நல்லெண்ணெயை ஊற்றி வைத்திருக்கிறேன்.

அடுத்த திருமணத்தில் யாராவது கேட்டால், "நான்தாங்க தங்கச்சி. இது வயசில்லை, வெயிலு" என்று தலைநிமிர்ந்து சொல்லிவிடுவேன்.