நிரல் எழுதாதோர் ஆற்றும் பணி

டெல் நிறுவனத்தின் தலைமையகம் நம் ரவுண்ட் ராக்கில் இருப்பதாலோ என்னவோ, கணிப்பொறி என்றாலே நிரல் எழுதுவோர்க்கு உரியது என்ற எண்ணம் நம் இல்லங்களில் வேரூன்றிவிட்டது. 'அது அப்பாவின் வேலை' என்று பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள். தமிழ் இலக்கணம் எதற்கு உதவும் என்றும் அவர்களே வினவுகிறார்கள். இரண்டிற்கும் விடை ஓரிடத்தில் இருக்கிறது.

மூல நிரலை மறைக்காமல், யாவரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை தந்து வெளியிடப்படுவது திறமூல மென்பொருள். லிப்ரே ஆபீஸ், பயர்பாக்ஸ் ஆகியவை அவ்வகையின. இவற்றின் திரையில் தோன்றும் சொற்கள் தனிப் பட்டியலாகப் பிரித்து வைக்கப்படுகின்றன. அதனைத் தமிழாக்க நிரலறிவு வேண்டுவதில்லை, தமிழறிவே வேண்டும்.

சொல்லுக்குச் சொல் வைத்தால் முடிந்துவிடும் பணியன்று இது. ஆங்கிலத்தில் 'ஓப்பன்' என்னும் சொல்லை அடுத்து, கோப்பின் பெயர் வந்து நிற்பதற்கு ஒரு வெற்றிடம் விடப்பட்டிருக்கும். தமிழிலோ வினை இறுதியில் வரவேண்டும். பெயரோடு இரண்டாம் வேற்றுமை உருபும் சேரவேண்டும். வெற்றிடத்தின் பின்னே 'ஐ' என்று ஒட்டிவிட்டால், 'கடிதம்' என்ற கோப்பிற்குத் திரை 'கடிதம்ஐத் திற' என்று காட்டும்! 'கடிதத்தை' என்றாக்கும் அத்துச் சாரியையை அவ்வெற்றிடம் அறியுமா? எனவே நல்ல மொழிபெயர்ப்பாளர், வெற்றிடத்தின் பின் 'என்னும் கோப்பைத் திற' என்று எழுதிவிடுவார். உருபைக் 'கோப்பு' ஏற்றுக்கொள்ள, 'கடிதம்' சிதையாமல் நிற்கும். நம் வகுப்பில் முணுமுணுத்துக்கொண்டே படிக்கும் வேற்றுமைப் பாடம், தமிழறியா நிரலாளர்க்கு இயலாததை இங்கே செய்துவிடுகிறது.

மென்பொருள் அன்றாயினும், இதே நெறியில் 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கியது மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த வேதியியலாளர் முனைவர் கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தமிழர் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதினர். வேறு சிலர் மெய்ப்புப் பார்த்தனர். அந்நூல்களை இன்றும் விலையின்றிப் பெறலாம். ரகர றகரப் பிழையைக் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு அங்கே என்றும் வேலை உண்டு.

எழுதவும் இயலாதோர் குரலை வழங்கலாம். மோசில்லா 2017இல் தொடங்கிய 'காமன் வாய்ஸ்' திட்டத்தில் தமிழும் இடம்பெற்றுள்ளது. கொடுக்கப்படும் வாக்கியத்தை வாய்விட்டு வாசித்துப் பதியலாம். பிறர் வாசித்தது சரிதானா என்று கேட்டுச் சொல்லலாம். சிறுவர் என்றால் பெற்றோரின் இசைவும் மேற்பார்வையும் வேண்டும். இவ்வாறு சேரும் குரல்கள், பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளைப் பழக்க எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வரும் நம் தாத்தா பாட்டியருக்கோ இங்கே பகற்பொழுது நீளமானது. நெல்லையின் இழுவையும் கோவையின் மென்மையும் அவர்கள் குரலில் இருக்கின்றன.